சிவப்பில் வரும் சொல்

மார்ச் 3, திங்கள்

ஏழே கால் பஸ்ஸில் வந்தேன். மடிக்கணினி மடியில், சென்சார் பெட்டி காலடியில். இறங்கியதும் மஞ்சள் மண்டி வாசனை. காவல் நிலைய வாசலில் பத்து நிமிடம் சும்மா நின்றேன். எங்கள் வீட்டில் யாரும் இந்தப் படியை ஏறியதில்லை.

ஏட்டம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, லவ் கேஸா? பையன் எங்க?" என்றார்.

"இல்லைங்க. கம்ப்யூட்டர் மாட்ட வந்திருக்கேன்."

"அட, மிசின் புள்ளையா! வா, வா."

அவர் பெயர் ஜெஸிந்தா. விசாரணை அறையைத் திறந்துவிட்டார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு திரை. நாற்காலியில் உட்காருபவரின் விரலில் கிளிப். அது நாடியையும் வியர்வையையும் பார்க்கும். மைக், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பார்க்கும். இந்த மூன்றையும் சேர்த்துத் திரை ஒரே ஒரு சொல்லைக் காட்டும். பச்சையிலோ மஞ்சளிலோ சிவப்பிலோ.

கோயம்புத்தூர் அலுவலகத்தில் இதன் விதிகளை எழுதியது நான். அப்பா விசைத்தறியில் பாவு நூலைத் தொட்டுப் பார்த்து "கொஞ்சம் தொய்வு", "சுமாரா நிக்குது", "ரொம்ப இறுக்கம்" என்பார். எண் சொல்ல மாட்டார், ஆனால் இழை அறாது. கல்லூரியில் ஃபஸி லாஜிக் நடத்திய அன்று எனக்கு அது உடனே புரிந்தது அதனால்தான். நாடி நூறு என்றால் அதிகம், தொண்ணூற்றொன்பது என்றால் அதிகமில்லை என்று கத்தரியால் வெட்டினாற்போல் வெட்டக் கூடாது. தொண்ணூற்றொன்பதும் ஓரளவு அதிகம்தான். இப்படி "ஓரளவு", "நன்றாக", "மிக" என்று இருபத்தேழு விதிகள்.

மூன்று வாரச் சோதனை. தங்குவது பெண்கள் விடுதியில். பக்கெட் இல்லை, வாங்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் தனபாலன் இன்றுதான் கருவியைப் பார்த்தார். ஏட்டு ஒருவரை உட்கார வைத்து, "நேத்து எத்தனை டீ குடிச்சே?" என்று கேட்டுச் சிரித்தார். திரையில் சிறு திருத்தம் வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.

பக்கெட் வாங்கினேன். நீல நிறம்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

இன்று விசாரணைக்கு யாரும் வரவில்லை. அலுவலகத்தில் கருவியைப் பழக்கிய நாட்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது பேரை உட்கார வைத்தோம். எங்கள் ஊழியர்கள், இரண்டு பொறியியல் கல்லூரி மாணவர்கள். ஏசி அறை, கையில் காபி. எல்லோருக்கும் பச்சை. கடைசியாக நான் உட்கார்ந்தேன். முதலாளி ஹரிஷ் சார் எதிரில் உட்கார்ந்து, "உன் பேர் என்ன?" என்றார். "கோகிலவாணி" என்றேன். சிவப்பு.

"ஏய் கோகிலா, அப்போ நீ கோகிலா இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒத்துவராத தரவு என்று என்னுடையதை நீக்கிவிட்டார்கள். நீக்கும் பொத்தானை நானே அழுத்தினேன்.

மார்ச் 6, வியாழன்

ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அங்கப்பன், நாற்பத்தைந்து வயது இருக்கும். நூல் மில்லில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். மில்லில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணோமாம். அந்த அறையின் சாவி இவரிடம் இருந்ததாம்.

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

"பரவால்லீங் சாமி, நின்னுக்கறனுங்க."

"உக்கார்றா."

"நீங்க இருக்கறப்ப நான் எப்பிடீங்க..."

இன்ஸ்பெக்டர் அவருடைய முழங்காலின் பின்பக்கம் உதைத்தார். கால் மடங்கியது. நாற்காலியின் நுனியில், பாதி உடம்பு வெளியே இருக்க, உட்கார்ந்தார். நான் கிளிப்பை மாட்டினேன். விரல் ஈரமாக இருந்தது. நாடி 118.

"பேரு?"

எச்சில் விழுங்கினார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சாமி... அங்கப்பனுங்க."

நான்கு நொடி இடைவெளி. திரையில் சிவப்பில் "பொய்" என்று வந்தது.

இன்ஸ்பெக்டர் சத்தமாகச் சிரித்தார். "பேரே பொய்யாடா? உங்கப்பன் பேரையாவது ஒழுங்கா சொல்லு." கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் அத்தனை சிறிய அறையில் எங்கும் போக இடமில்லாமல் நின்றது. நாடி 131.

பெரிய மனிதர்கள் கேள்வி கேட்டால் எங்கள் அப்பாவும் இப்படித்தான். எச்சில் விழுங்குவார், பின்கழுத்தைச் சொரிவார், "சாமி" என்பார், பிறகுதான் பதில் வரும். வாயைத் திறந்தவுடன் பதில் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. என் விதிகளில் அதற்குப் பெயர் "இடைவெளி மிக நீளம்".

இதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். "என்னம்மா, டாய்லெட்டா? ஜெஸிந்தாகிட்ட கேளு" என்றார். போய்விட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அங்கப்பனை வீட்டுக்கு அனுப்பவில்லை. "எஃப்ஐஆரும் போடல. பேருக்கு விசாரணைதான் பாப்பா" என்றார் ஜெஸிந்தா அக்கா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பிளாஸ்டிக் குழாய். முதலில் உள்ளங்காலில். பத்துக்குப் பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஆமாம், அவரைத்தான் எண்ணச் சொன்னார்கள். அப்புறம் தொடையில். குழாய் விழும் இடத்தில் வேட்டி முதலில் குழிந்து பிறகு நனைந்தது. அடித்துவிட்டு நாற்காலியில் தூக்கி உட்கார வைப்பார்கள். நான் கிளிப்பைச் சரிசெய்வேன். கேட்பார்கள்.

"கம்பிய எங்கடா வித்தே?"

"நான் எடுக்கலீங் சாமி."

சிவப்பு.

மறுபடி கீழே.

மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. அடித்தால் நாடி ஏறும். ஏறினால் சிவப்பு. சிவப்பு என்றால் அடி. இந்த வட்டத்திலிருந்து வெளியே வர நான் எந்த விதியும் எழுதவில்லை. அடிக்கப்பட்டவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவார் என்று இருபத்தேழில் ஒன்றுகூட நினைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபோது அறையில் நானும் அவரும் மட்டும். உதடு கிழிந்து தொங்கியது. தண்ணீர் பாட்டிலை வாயருகே பிடித்தேன். பாதி மார்பில் வழிந்தது.

"ஏனுங் அம்மணி," என்றார். "மிசினு பொய் சொல்லுமுங்களா?"

பாட்டிலை மூடப் போனேன்.

"இல்லீங்க, நான் எடுக்கலீன்னுதான் நெனச்சுட்டு இருக்கறனுங்க. அது எடுத்தேன்னே சொல்லுது. படிச்சவீங்க பண்ணுன மிசினு. ஒருவேள நாந்தான் எடுத்துப்போட்டு மறந்துட்டனோ என்னமோ?"

பாட்டில் மூடி கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அதைத் தேடினேன். வெகுநேரம் தேடினேன்.

மார்ச் 8, சனி

காலையில் ஹரிஷ் சாருக்கு போன் செய்தேன். பேச வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியைக்கூட முடிக்கவில்லை.

"ஃபீல்டு டேட்டா சூப்பரா வருது கோகிலா! இன்ஸ்பெக்டர் ரொம்ப சந்தோஷம். மாவட்டம் முழுக்கப் போடலாம்னு பேச்சு."

"சார், அவரை அடிக்கறாங்க. அடிச்சா நாடி..."

"நீ சாஃப்ட்வேர் பாக்கற பொண்ணு. ரத்தத்தை எல்லாம் பாக்காத, ஸ்கிரீனைப் பாரு. சரியா?"

"சரிங்க சார்."

துணி துவைத்தேன். கொடியில் இடமில்லை. ஜன்னல் கம்பியில் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. பன்னிரண்டரைக்கு நிலையத்திலிருந்து ஜீப் அனுப்பினார்கள். கிளிப் வயர் கழன்றிருந்தது. மாட்டிக் கொடுத்தேன். மூன்று மணிக்குத் திரும்பிவிட்டேன்.

குளித்தேன். மறுபடி குளித்தேன்.

மார்ச் 10, திங்கள்

அங்கப்பன் அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டாராம். நெஞ்சுவலியாம். ஜெஸிந்தா அக்கா போனில் சொல்லிவிட்டு, "பாப்பா, நீ ஊருக்குப் போயிரு" என்றார்.

விடுதியில் மதியம் தக்காளி சாதம்.

மார்ச் 11, செவ்வாய்

கருவியைக் கழற்றி எடுத்துப் போகச் சொன்னார்கள். அறை முழுவதும் பினாயில். நாற்காலியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நிலைய வாசலில் கூட்டம். மில் தொழிலாளர்கள், பெண்கள். ஒரு கல் பறந்து வந்து ஜன்னலில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் லத்தியோடு வெளியே ஓடினார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். பச்சைச் சேலைக்காரி ஒருத்தியை முடியைப் பிடித்துப் படியிலிருந்து இழுத்துவிட்டார்கள். தலை மூன்று படியிலும் மோதியது. எழுந்து நின்று மறுபடி படியேறினாள். மறுபடி இழுத்தார்கள். அங்கப்பனின் மனைவி தெய்வாத்தாள் என்று ஜெஸிந்தா அக்கா சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். டீ வாங்கித் தந்தார்.

"ஒண்ணும் பயப்படாத கண்ணு. மாஜிஸ்திரேட் விசாரணைன்னு ஒண்ணு வரும், சும்மா சடங்கு. மிசினு ஞாயித்துக்கிழமை ரிப்பேர். நீ வந்து பாத்துட்டு அப்பவே போயிட்டே. அவ்வளவுதான்." கோப்பையைக் கீழே வைத்தார். "உங்கப்பா குப்பண்ணன்தானே? தறி ஓட்டறது மூணாவது சந்து ஷெட்டுல. காலைல அஞ்சு மணிக்கு சைக்கிள்ல போவாப்ல. லைட் இல்லாத சைக்கிளு. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வருவானுங்க. பாத்துப் போகச் சொல்லு."

டீயைக் குடித்து முடித்தேன். முடிக்காமல் எழுவது தப்பாகிவிடுமோ என்று தோன்றியது.

மார்ச் 12, புதன்

ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவின் சைக்கிளுக்கு லைட் வாங்கி மாட்டினேன். "இப்ப எதுக்கு?" என்றார். பொத்தானை அழுத்தி எரிகிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஹரிஷ் சார் வீட்டுக்கே வந்தார். அம்மா அவருக்குப் புது டம்ளரில் காபி கொடுத்தாள். வெளியே காரருகே நின்று பேசினோம்.

"ஞாயித்துக்கிழமை மெஷின் பதிவு பண்ணின லாக் உன் லேப்டாப்ல இருக்கா?"

"இருக்குங்க சார். தினமும் காப்பி எடுப்பேன்."

"அழிச்சுடு. கிராஷ்னு சொல்லிக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் அதை முழுசா நெனச்சுப் பாத்தேன் கோகிலா. அதுல போலீஸ் மட்டும் இல்ல. யார் எந்த மாத்தம் பண்ணினாலும் தேதி, நேரம், பேரோட பதிவாகும். நாலாம் தேதி மாத்தத்துக்கு நேரா யார் பேர் இருக்கு?"

நான் மண்ணைப் பார்த்தேன்.

"நீ குடுத்தா முதல்ல மாட்டறது நீதான். முதல் பட்டதாரி. ஒரே பொண்ணு. யோசிச்சுக்கோ."

மார்ச் 14, வெள்ளி

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன் வரச் சொல்லி ஆணை வந்திருக்கிறது. அழிப்பதா கொடுப்பதா என்று முடிவு செய்யுமுன் நடந்ததை முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். இந்த நோட்டில் நான் சிலவற்றை விட்டுவிட்டேன்.

நான்காம் தேதி செய்த "சிறு திருத்தம்" இது. திரையில் நான் வைத்திருந்த மூன்று சொற்கள்: பச்சையில் "நிதானம்", மஞ்சளில் "தயக்கம்", சிவப்பில் "கலக்கம்". கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "கலக்கமா? என்னம்மா இது, கவியரங்கமா? உண்மை, சந்தேகம், பொய். அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்" என்றார். அது தவறு என்று எனக்குத் தெரியும். கலங்குகிறவன் எல்லாம் பொய்யன் இல்லை என்று, தன் பெயரைச் சொல்லிச் சிவப்பு வாங்கிய என்னைவிட யாருக்குத் தெரியும்? மறுக்கக் கூச்சமாக இருந்தது. தட்டச்சு செய்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்றார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அதிகாரி என்னை மேடம் என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

இனி ஞாயிறு.

நான் போனபோது அவரை நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். நகம் இரண்டு இல்லை. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வயரை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். "இரும்மா, மறுபடி கழண்டுக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். மூலையில் உட்கார்ந்தேன். ஹரிஷ் சார் சொன்னபடி திரையை மட்டும் பார்த்தேன்.

1.40. "எடுத்தியா இல்லையாடா?" என்று கேட்டார்கள். இந்த முறை அவர் எச்சில் விழுங்கவில்லை, சாமி என்று சொல்லவில்லை. கேள்வி முடியுமுன்பே, "எடுத்தனுங்க" என்றார். நாடி 84. உடம்பில் ஏறுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. திரை பச்சையானது. "உண்மை."

அந்த நான்கு நாளில் அவருக்கு வந்த ஒரே பச்சை அது.

அறையில் கைதட்டினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். அடுத்த கேள்வி: "எங்க வெச்சிருக்கே?"

எடுக்காத கம்பி எங்கே இருக்கும்? யோசித்தார். மில்லுக்குப் பின்னால் என்றார். சிவப்பு. கிணற்றில் என்றார். சிவப்பு. "உங்களுக்கு எங்க வேணுமோ அங்க வெச்சிருக்கறனுங்க" என்றார். நாற்காலியைப் பின்பக்கமாகத் தள்ளினார்கள். தலை தரையில் மோதியது. பூட்ஸ் காலால் விலாவில், வயிற்றில். தேங்காய் உரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. நான் எண்களைப் பார்த்தேன். 2.31க்கு 141. 2.34க்கு 149. 2.36க்கு 61.

2.37க்குத் திரையில் ஒரு வாசகம் வந்தது. கிளிப் விரலில் சரியாக இல்லாவிட்டால் காட்டுவதற்காக நான் எழுதியது. மரியாதையாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

"தயவுசெய்து விரலைச் சரியாக வைக்கவும்."

"டேய், வெரல ஒழுங்கா வைடா" என்று இன்ஸ்பெக்டர் கையை மிதித்தார்.

விரல் சரியாகத்தான் இருந்தது. கிளிப்பும் சரியாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும், மாட்டியது நான். நான்கு நிமிடம் அந்த வாசகம் அணைந்து அணைந்து எரிந்தது. அதன் பிறகுதான் ஒருவர் குனிந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்.

லாகைக் காப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தினமும் எடுப்பதால் எடுத்தேன். தைரியம் ஒன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, லாரியைப் பற்றியும் என் பேர் பதிவாகியிருப்பதைப் பற்றியும். பின்கழுத்தைச் சொரிந்தார், பிறகுதான் கேட்டார்.

"அந்தாளுக்குக் கொழந்தைக இருக்குதா?"

"ரெண்டு பொண்ணுங்கப்பா."

"நாளைக்கு நானும் வாரேன். பஸ்ல போலாம்."

மார்ச் 17, திங்கள்

மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட அம்மா. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பென் டிரைவை மேசைமேல் வைத்தேன்.

"இந்தக் கருவி பொய்யைக் கண்டுபிடிக்குமா?"

"கண்டுபிடிக்காதுங்க. பயந்திருக்காரான்னுதான் பாக்கும்."

"அப்புறம் ஏன் பொய்னு காட்டுச்சு?"

"அந்த வார்த்தையை நான்தாங்க போட்டேன். நாலாம் தேதி, பத்து அம்பத்திரண்டுக்கு. பதிவுல என் பேர் இருக்கும்."

தட்டச்சு செய்தவர் நிறுத்தினார். மாஜிஸ்திரேட், "இதைச் சொன்னா உங்க மேலயும் நடவடிக்கை வரலாம். புரியுதாம்மா?" என்றார்.

"புரியுதுங்க."

ஞாயிற்றுக்கிழமையை நிமிடம் நிமிடமாகச் சொன்னேன். யார் உதைத்தது, எந்தக் காலால், அப்போது எண் என்ன. முடிய இரண்டு மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே தாழ்வாரத்தில் தெய்வாத்தாள் நின்றாள். நெற்றியில் பிளாஸ்திரி. பக்கத்தில் இரண்டு பெண்கள், பள்ளிச் சீருடையில்.

"நீதானா அந்த மிசின் புள்ள?"

"ஆமாங்க."

"எம்பட ஊட்டுக்காரரு கம்பி எடுக்கலீன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்பத்திலிருந்து?"

"முதல் நாள்லயே தெரியுங்க."

"தெரிஞ்சுதான் வயரு மாட்டிக் குடுத்தியா?"

பதில் சொல்வதற்குள் அடித்தாள். சுவரில் போய் மோதினேன். மறுபடி அடித்தாள். முடியைப் பிடித்துக் குனிய வைத்து முதுகில் அடித்தாள். பஞ்சு மில்லில் மூட்டை தூக்கும் கை. அப்பா ஓடி வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பக்கத்திலே வந்து நின்றாரே தவிர, தொடவில்லை. அவள் அழவில்லை. மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினாள். பிறகு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீதிமன்றக் காவலர் ஒருவர் நோட்டோடு வந்தார். "ஏம்மா, அந்தப் பொம்பள உங்கள அடிச்சுதா? சாட்சிய அடிச்சா தனி கேஸு. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

உதட்டிலிருந்து ரத்தம் தாவணியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.